கணிப்பும் கணக்கும்: இணையவழி வாக்குப்பதிவை வடசென்னை நம்பலாமா?

எண்ணூர் மாலுமி:

வணக்கம். நான் எண்ணூர்க்காரன். பதினெட்டு ஆண்டுகளாக வணிகக் கப்பல்களில் என்ஜின் பிரிவில் வேலை பார்க்கிறேன். வாக்காளர் அட்டை வாங்கிய நாள்முதல் இதுவரை இரண்டே முறைதான் விரலில் மை வைத்துக்கொண்டிருக்கிறேன். மற்ற எல்லாத் தேர்தல்களின்போதும் கடலில் இருந்தேன். 2024 ஏப்ரல் 19 அன்று வடசென்னை வாக்களித்தபோது எங்கள் கப்பல் சிங்கப்பூருக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது. ஜூன் 1 மாலை வாக்குக்கணிப்புகள் வெளியானபோது, சாப்பாட்டு அறையில் ஆளுக்கொரு கைப்பேசியுடன் உட்கார்ந்து எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அங்கே இருந்த இந்தியர் பதினோரு பேரில் ஒருவர்கூட அந்தத் தேர்தலில் வாக்களித்திருக்கவில்லை. நாடு எப்படி வாக்களித்தது என்று யாரோ கணித்துச் சொல்ல, வாக்களிக்க வழியில்லாத நாங்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

இராணுவத்தில் இருப்பவருக்கு அஞ்சல் வாக்கு உண்டு. வெளிநாட்டில் வாழும் இந்தியர், 2010-இல் வந்த சட்டத்திருத்தத்தின்படி பட்டியலில் பெயர் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் ஊருக்கு நேரில் வந்துதான் வாக்களிக்க வேண்டும். எங்களைப் போன்ற வணிகக் கப்பல் ஊழியர்கள் எந்தக் கணக்கிலும் வரவில்லை. அதே கப்பலில் இருந்துகொண்டுதான் நான் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறேன், மகளின் கல்லூரிக் கட்டணம் கட்டுகிறேன், மின்கட்டணம் செலுத்துகிறேன். எஸ்டோனியாவில் 2005 முதல் இணையம் வழியாக வாக்களிக்கிறார்கள். 2023 நாடாளுமன்றத் தேர்தலில் அங்கே பதிவான வாக்குகளில் பாதிக்கும் மேல் இணையத்தில் பதிவானவை. எண்ணூரிலிருந்து காசிமேடு வரை கடலை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் உள்ள இந்தப் பகுதிக்கு அது ஏன் கிடைக்கக் கூடாது? பாதுகாப்பு இல்லை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், எந்த இடத்தில் பழுது என்று தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பெரம்பூர் லோகோ:

அண்ணா, உங்கள் ஆதங்கம் நியாயமானது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வங்கிச் செயலிகளைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் பன்னிரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். ஆகவே, பணம் அனுப்ப முடிகிறதே என்ற கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

போன ஆண்டு என் கணக்கிலிருந்து ஒரே கட்டணத்துக்கு இரண்டு முறை ஐயாயிரம் ரூபாய் போய்விட்டது. கணக்கு விவரத்தில் இரண்டு வரிகள் இருந்தன. அவற்றைக் காட்டிப் புகார் கொடுத்தேன். ஒன்பதாம் நாள் பணம் திரும்ப வந்தது. இணையப் பணப் பரிமாற்றத்தை நாம் நம்புவதற்குக் காரணம் இதுதான்: தவறு நடந்தால் பணத்துக்கு உரியவன் கண்ணில் படும், கண்ணில் பட்டால் திருத்திக்கொள்ளலாம். இப்போது வாக்குக்கு வாருங்கள். நீங்கள் யாருக்கு வாக்களித்தீர்கள் என்று உங்களுக்குப் பிறகு காட்டக்கூடிய ஒரு பாஸ்புத்தகம் இருந்தால், அதை உங்கள் வாக்கை விலைக்கு வாங்கியவனும் கேட்டு வாங்கிப் பார்ப்பான். அப்படி ஒரு புத்தகம் இல்லையென்றால், உங்கள் வாக்கு வழியில் மாற்றப்பட்டிருந்தாலும் உங்களுக்குத் தெரிய வழியில்லை. வாக்கு இரகசியமாகவும் இருக்க வேண்டும், சரியாக எண்ணப்பட்டது என்று காட்டவும் வேண்டும் என்ற இந்த இரட்டை நிபந்தனை வங்கிக்குக் கிடையாது. இணையவழி வாக்குப்பதிவின் முடிச்சே இங்கேதான் விழுகிறது.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2010-இல் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், வெளிநாட்டில் இருக்கும் வாக்காளர்களுக்காக இணையவழி வாக்குப்பதிவு ஒன்றைத் தயாரித்து, உண்மையான தேர்தலுக்கு முன்னால், முடிந்தவர்கள் இதை உடைத்துப் பாருங்கள் என்று பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்ஸ் ஹால்டர்மனும் அவருடைய மாணவர்களும் 48 மணி நேரத்துக்குள் அந்தச் சர்வரைத் தங்கள் பிடிக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். வாக்காளர் நிரப்பிய வாக்குச்சீட்டுக் கோப்பைப் பதிவேற்றும் இடத்தில், கோப்பின் பெயருக்குள்ளேயே ஒரு கட்டளையை ஒளித்து அனுப்ப முடிந்தது. சர்வர் அதைப் பெயர் என்று நினைக்காமல் கட்டளை என்று எடுத்துக்கொண்டு நிறைவேற்றியது. பதிவாகியிருந்த வாக்குகளை எல்லாம் மாற்றினார்கள். வாக்களித்து முடித்தவர்களுக்கு வரும் நன்றிப் பக்கத்தில் தங்கள் பல்கலைக்கழகப் பாடல் ஒலிக்கும்படி வைத்தார்கள். அந்தப் பாடல் கேட்டபிறகுதான், ஏறக்குறைய இரண்டு அலுவல் நாள் கழித்து, அதிகாரிகளுக்கு விஷயம் தெரிந்தது. பாட்டு வைக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவரிடமும் நான் கேட்பதுண்டு.

சர்வரைச் சரிசெய்துவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் கையில் இருக்கும் போன்? அதற்குள் ஒரு கெட்ட நிரல் புகுந்துவிட்டால், திரையில் நீங்கள் தொட்ட சின்னத்தைக் காட்டிவிட்டு வேறொரு சின்னத்தை அனுப்ப அதனால் முடியும். மலிவு விலைப் போன்கள், வருடக்கணக்கில் புதுப்பிக்கப்படாதவை, பர்மா பஜாரில் திரை மாற்றியவை என்று நம் பகுதியில் புழங்குபவற்றை எண்ணிப் பாருங்கள். தேர்தல் ஆணையம் தன் சர்வரைக் காக்கலாம். கோடிக்கணக்கான போன்களைக் காக்க முடியாது.

தண்டையார்பேட்டை ஆசிரியை:

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. நான்கு தேர்தல்களில் வாக்குச்சாவடி தலைமை அலுவலராகப் பணியாற்றியிருக்கிறேன். பெரம்பூர்த் தம்பி தொழில்நுட்பத்தைச் சொன்னார். நான் வாக்குச்சாவடிக்குள் நடப்பதைச் சொல்கிறேன். ஏனென்றால், வாக்களிக்க வருபவர்களுக்கே அது தெரிவதில்லை.

வாக்குப்பதிவு ஏழு மணிக்கு என்றால், ஐந்தரைக்கே மாதிரி வாக்குப்பதிவைத் தொடங்கிவிட வேண்டும். முதல்நாள் இரவே இயந்திரத்தோடு வந்து பள்ளிக்கூட வகுப்பறையில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்தவர்கள் நாங்கள். வேட்பாளர்களின் ஏஜென்டுகள் டீ குடித்துவிட்டு ஒவ்வொருவராக வருவார்கள். அவர்கள் முன்னிலையில் குறைந்தது ஐம்பது வாக்குகள் போட்டுக் காட்ட வேண்டும். நோட்டா உட்பட ஒவ்வொரு பொத்தானும் அழுத்தப்பட வேண்டும். கட்டுப்பாட்டுக் கருவி காட்டும் எண்ணிக்கையும், பதிவான வாக்கைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபேட் பெட்டிக்குள் விழுந்த சீட்டுகளைக் கையால் எண்ணி வரும் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்ப்போம். பிறகு அந்தச் சீட்டுகளின் பின்னால் மாதிரி வாக்கு என்று முத்திரை குத்திக் கறுப்பு உறையில் போட்டு ஒட்டுவோம். இயந்திரத்தில் பதிந்த மாதிரி வாக்குகளை அழித்துச் சுழியம் காட்டிய பிறகு, பச்சைக் காகித முத்திரையில் ஏஜென்டுகள் கையெழுத்திடுவார்கள். அதன் வரிசை எண்ணைக் குறித்துக்கொள்வார்கள்.

ஒரு தேர்தலில் நான் தவறு செய்தேன். மணி ஆறே முக்கால் ஆகிவிட்டது, வெளியில் வரிசை நீண்டுவிட்டது என்ற பதற்றத்தில், மாதிரி வாக்குகளை அழிக்காமலேயே முத்திரை வைக்கப் போய்விட்டேன். மீன்வண்டி ஓட்டும் ஓர் ஏஜென்ட், தன் மகளுடைய நோட்டின் பின்னட்டையில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தவர், “டீச்சர், இன்னும் ஐம்பது அப்படியே இருக்குதே, கிளியர் அழுத்தலையே” என்றார். கை நடுங்க அழித்து, சுழியம் காட்டி, மறுபடி எல்லோரிடமும் காட்டினேன். கல்லூரிப் பக்கம் போகாத ஒருவர், கண்ணால் பார்த்து, விரலால் சுட்டி, ஒரு தேர்தல் பிழையைத் திருத்தினார். அதே பிழை ஒரு சர்வருக்குள் நடந்திருந்தால் சுட்டிக்காட்ட அவருக்கு இடம் எங்கே இருந்திருக்கும்?

மாலையில் வாக்குப்பதிவு முடிந்ததும் மூடும் பொத்தானை அழுத்தி, மொத்த எண்ணிக்கையை 17சி படிவத்தில் எழுதி, ஏஜென்டுகளுக்கு நகல் கொடுப்போம். எண்ணும் நாளில், அந்த நகலோடு வந்துதான் அவர்கள் மேசை எதிரே உட்காருகிறார்கள். தாளில் உள்ள எண்ணும் இயந்திரம் காட்டும் மொத்தமும் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே குரல் எழுப்பலாம்.

எண்ணூர் மாலுமி:

ஆசிரியை அம்மா சொன்ன அந்த மீன்வண்டிக்காரரைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் எழுதாமல் இருந்தேன். இருந்தாலும் என் கேள்வி முழுதும் தீரவில்லை. எஸ்டோனியாவில் அடையாள அட்டையிலேயே சிப் இருக்கிறது, இரண்டு இரகசிய எண்கள் உண்டு. அனுப்பிய வாக்கு சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று வேறொரு கைப்பேசியால் குறிப்பிட்ட நேரத்துக்குள் சரிபார்க்கலாம். யாராவது மிரட்டி வாக்களிக்க வைத்தால், பிறகு தனியாக இருக்கும்போது மறுபடி வாக்களிக்கலாம். கடைசியாகப் போட்டதுதான் செல்லும். நேரில் போய்த் தாளில் வாக்களித்தால் இணைய வாக்கு நீக்கப்படும். பெரம்பூர்த் தம்பி சொன்ன பழுதுகளில் பலவற்றுக்கு அவர்கள் விடை தேடியிருக்கிறார்கள் என்றுதானே பொருள்? நம் நாட்டிலேயே 2025 ஜூன் 28 அன்று பீகாரில் உள்ளாட்சித் தேர்தலில் கைப்பேசிச் செயலி வழியாக வாக்களிக்க வைத்தார்களே?

ஓட்டேரி மாணவன்:

பிளாக்செயின் வைத்துச் செய்யலாமே? 2020-இல் தேர்தல் ஆணையமும் சென்னை ஐஐடியும் சேர்ந்து அதை ஆராய்வதாகச் செய்தி வந்தது நினைவிருக்கிறது.

பெரம்பூர் லோகோ:

மாணவத் தம்பிக்கு: எழுதிய பிறகு யாரும் அழிக்க முடியாத நோட்டு என்று அதை நினைத்துக்கொள்ளுங்கள். போன் எழுதியதும் நீங்கள் தொட்டதும் ஒன்றுதானா என்று அந்த நோட்டுக்குத் தெரியாது. பொய்யை எழுதினால் பொய்தான் அழியாமல் நிற்கும்.

மாலுமி அண்ணாவுக்கு: எஸ்டோனியா மிகவும் சிரத்தையோடு செய்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால், அந்த நாட்டின் மொத்த மக்கள்தொகை ஏறக்குறைய 13 லட்சம். சென்னையில் அதைவிடப் பல மடங்கு பேர் இருக்கிறோம். அவ்வளவு சிறிய நாட்டிலேயே 2017-இல் அடையாள அட்டைகளின் சிப்பில் பழுது இருப்பது தெரியவந்து, ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளின் மின்சான்றுகளைப் புதுப்பிக்க வேண்டிவந்தது. பழுதை உண்டாக்கியது அந்த அரசு அல்ல, சிப் தயாரித்த இடத்தில் இருந்த நிரல். ஆனாலும் விளைவு அவர்கள் தலையில் விழுந்தது. பீகாரில் நடந்தது சில நகராட்சிகளில். அவ்வளவு சிறிய இடத்தில் பெரிய தாக்குதல் நடத்த யாருக்கு அக்கறை இருக்கும்? ஓர் ஆட்சியையே தீர்மானிக்கும் தேர்தலில்தான் உண்மையான சோதனை வரும்.

வியாசர்பாடி மலர்:

எல்லோரும் கணினியைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் வீட்டைப் பற்றிப் பேசுகிறேன். எங்கள் மகளிர் குழுவில் பன்னிரண்டு பேர். அவர்களில் ஐந்து பேருடைய எண், மகன் கையிலோ கணவர் கையிலோ இருக்கும் போனில்தான் இருக்கிறது. ஓடிபி வந்தால் சத்தமாகப் படித்துச் சொல்வதுதான் அவர்களுக்குத் தெரிந்த வழக்கம். கடன் விண்ணப்பமா, எரிவாயு மானியமா, எதுவாக இருந்தாலும் போன் வைத்திருப்பவர்தான் பொத்தானை அழுத்துகிறார். நாளைக்கு வாக்கும் அந்த போனுக்குள் வந்துவிட்டால், ஐந்து பெண்களின் வாக்கும் அதோடு சேர்ந்து போய்விடும். இரண்டாம் முறை போட்டுக்கொள்ளலாம் என்கிறார் மாலுமி அண்ணன். போன் அவள் கையில் இல்லாதபோது இரண்டாம் முறை எங்கிருந்து வரும்?

ஆர்.கே. நகர் நமக்குப் பக்கத்துத் தொகுதி. 2017 ஏப்ரலில் அங்கே நடக்கவிருந்த இடைத்தேர்தல், பணப்பட்டுவாடா காரணமாகக் கடைசி நேரத்தில் ரத்தானது. அதே ஆண்டு டிசம்பர் 21 அன்று நடந்தபோதும் இருபது ரூபாய் நோட்டைக் காட்டினால் பிறகு பணம் கிடைக்கும் என்று சொல்லப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. நான் சொல்ல வருவது இதுதான். பணம் கொடுத்தவன் எவனாக இருந்தாலும், வாக்குச்சாவடியில் அந்த அட்டைத் தடுப்புக்குப் பின்னால் என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியாது. வாங்கியவள் மனச்சாட்சிப்படி போட்டுவிட்டு வரலாம். பணம் வாங்குவதை நான் சரி என்று சொல்லவில்லை; வாங்கிய பிறகும் அவளுக்குச் சுதந்திரம் மிஞ்சுகிறது என்கிறேன். போனில் வாக்களித்தால், என் எதிரில் அழுத்து, அப்புறம் பணம் தருகிறேன் என்பார்கள்.

என் மாமியாருக்கு எழுபத்து மூன்று வயது. அவர் எந்தக் கட்சிக்குப் போடுகிறார் என்று எங்கள் வீட்டில் இன்றுவரை யாருக்கும் தெரியாது. மாமனார் உயிரோடு இருந்தபோது, போகும் வழியெல்லாம் சின்னத்தைச் சொல்லிக்கொண்டே வருவாராம். இவர் தலையை ஆட்டிக்கொண்டே போவாராம். வெளியே வந்து, “போட்டியா?” என்று கேட்டால், மை வைத்த விரலைக் காட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். அந்த ஒரு நிமிடம் அவருக்கு அரசாங்கம் கொடுத்தது. அதை எடுத்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை.

ராயபுரம் பூத் ஏஜென்ட்:

மலர் அம்மா சொன்னதற்கு மேல் அந்தப் பக்கம் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. மாலுமி அண்ணன் கணிப்புகளைப் பற்றித் தொடங்கினார். அதை யாரும் தொடாமல் விட்டுவிட்டார்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

தேர்தல் நாளில் நாங்களும் கணிக்கிறோம். வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு, வருகிறவர் பெயருக்கு எதிரே கோடு போடுவோம். எந்தத் தெருவில் எத்தனை பேர் வந்தார்கள் என்று பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் வெளியே இருக்கும் ஆட்களுக்குச் சீட்டு அனுப்புவோம். முப்பது ஆண்டுகளாக ஒரே தெருவில் இருக்கிறேன், ஆகவே மாலை ஐந்து மணிக்கு எங்கள் சாவடியில் யார் முன்னணி என்று எனக்குத் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். 2016 மே மாதத்தில் நான் சொன்ன எண்ணுக்கும் எண்ணி வந்த எண்ணுக்கும் நூற்றுக்கும் மேல் வித்தியாசம். அந்த முறை பெரிய நிறுவனங்களின் கணிப்புகளிலும் பல, ஆட்சி மாறும் என்று சொல்லியிருந்தன. அதிமுக 134 இடங்களில் வென்று ஆட்சியைத் தக்கவைத்தது. 2004-இலும் தேசிய அளவில் கணிப்புகள் பொய்த்தன. 2024 ஜூன் 1 அன்று, பெரும்பாலான கணிப்புகள் பாஜக கூட்டணிக்கு 350-க்கும் மேல் கொடுத்தன; சில 400 வரை போயின. ஜூன் 4 அன்று வந்தது 293. தமிழ்நாட்டில் பாஜக கூட்டணிக்குச் சில இடங்கள் கிடைக்கும் என்றவையும் உண்டு. 39-ம் திமுக கூட்டணிக்கே போயின.

கணிப்புகள் தவறுவதற்குக் காரணம் எனக்குத் தெரிந்தவரையில் எளிமையானது. சாவடியை விட்டு வெளியே வரும் ஒருவரை முன்பின் தெரியாதவர் நிறுத்திக் கேட்டால், தனக்குத் தொல்லை வராத பதிலைத்தான் அவர் சொல்வார். மலர் அம்மாவின் மாமியாரிடம் கேட்டால் என்ன பதில் வரும்? மேலும், கிடைக்கும் வாக்கு விழுக்காட்டை இடங்களாக மாற்றும்போது ஒன்றிரண்டு விழுக்காடு பிசகினால் பத்துப் பதினைந்து தொகுதிகள் புரண்டுவிடும். வாக்குப்பதிவு முழுவதும் முடியும் வரை வாக்குக்கணிப்பை வெளியிடக் கூடாது என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவு சொல்கிறது. இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. அந்தத் தடை இல்லாவிட்டால், பல கட்டமாக நடக்கும் தேர்தலில் முதல் கட்டத்தின் கணிப்பு கடைசிக் கட்டத்தின் வாக்கை இழுத்துவிடும்.

இப்போது என் கவலைக்கு வருகிறேன். 2024-இல் கணிப்புக்கும் முடிவுக்கும் இடையே அத்தனை பெரிய இடைவெளி. ஏப்ரல் 19 முதல் ஜூன் 4 வரை ஒன்றரை மாதம் வடசென்னையின் இயந்திரங்கள் ராணி மேரி கல்லூரியில் பூட்டிய அறைக்குள் இருந்தன. வெளியே கேமராத் திரையைப் பார்த்தபடி எங்கள் ஆட்களும் மற்றக் கட்சியினரும் முறைவைத்துக் காத்திருந்தார்கள். ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிக்கும் ஐந்து சாவடிகளின் விவிபேட் சீட்டுகளை எண்ண வேண்டும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி எண்ணினார்கள். எல்லாச் சீட்டுகளையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை 2024 ஏப்ரல் 26 அன்று நீதிமன்றம் ஏற்கவில்லை; அதில் எனக்கு மனக்குறை உண்டு. ஆனாலும் சந்தேகம் வந்தால் பிடித்துக்கொள்ள ஒரு சீட்டு, ஒரு முத்திரை, ஒரு 17சி தாள் இருந்தது. ஆகவே, பொய்த்துப்போனது கணிப்புதான் என்று எல்லாத் தரப்பும் ஏற்றுக்கொண்டது.

அதே இடைவெளி இணையவழித் தேர்தலில் வந்திருந்தால்? பிடித்துக்கொள்ளத் தாள் இல்லை. தோற்றவன் கையில் இருக்கும் ஒரே அளவுகோல் அந்தக் கணிப்புதான். கணிப்பில் நான் ஜெயித்தேன், சர்வரில் தோற்றேன், ஆகவே சர்வர் பொய் என்பான். இல்லை என்று அவனுக்கு எதைக் காட்டுவீர்கள்? ஒப்பிட வேறொன்று இல்லாத இடத்தில், தொலைக்காட்சிக்காரரின் அனுமானம் சாட்சியாகிவிடும். மாலுமி அண்ணன் சொன்ன 2023 எஸ்டோனியத் தேர்தலிலேயே இதன் சாயல் இருந்தது. தாள் வாக்குகளை முதலில் எண்ணியபோது ஒரு கட்சி முன்னால் இருந்தது, இணைய வாக்குகளைச் சேர்த்ததும் பின்னால் போனது, அந்தக் கட்சி வழக்குப் போட்டது, நீதிமன்றம் ஏற்கவில்லை. தீர்ப்பு வந்துவிட்டது, ஆனால் அந்தக் கட்சிக்கு வாக்களித்தவர் மனத்தில் இருந்த சந்தேகத்தைத் தீர்ப்பு எடுத்துவிடுமா? அமைதியான சிறிய நாட்டில் அது வழக்கோடு போயிற்று. இங்கே தெருவுக்கு வரும்.

பெரம்பூர் லோகோ:

ஏஜென்ட் ஐயா, இவ்வளவு நாள் நிரலைப் பற்றியே யோசித்த எனக்கு, தோற்றவனுடைய கேள்வி தோன்றவே இல்லை. நீங்கள் சொல்வதைத்தான் 2009 மார்ச்சில் ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் வேறு வார்த்தைகளில் சொன்னது: தேர்தலின் முக்கியமான படிகளையும் முடிவையும், சிறப்பு அறிவு எதுவும் இல்லாத குடிமகன் தானே சரிபார்க்க முடிய வேண்டும். அந்த அளவுகோலால் அவர்கள் தங்கள் வாக்கு இயந்திரங்களையே தள்ளிவிட்டார்கள். டீச்சரின் மீன்வண்டிக்காரர் அந்தத் தீர்ப்பின்படி முழுத் தகுதி உள்ளவர்.

முயன்றுவிட்டுத் திரும்பியவர்களும் உண்டு. நார்வே 2011-இலும் 2013-இலும் சோதித்துவிட்டு நிறுத்திக்கொண்டது. சுவிட்சர்லாந்தில் 2019-இல் நிரலைப் பொதுப் பார்வைக்கு வைத்தபோது, வாக்குகளை மாற்றிவிட்டு மாற்றவில்லை என்று சான்று காட்ட வழிவிடும் பழுதை வெளி ஆய்வாளர்கள் கண்டார்கள். அதன் பிறகு நிறுத்திவைத்து, 2023-இல்தான் மிகச் சில மாநிலங்களில், எண்ணிக்கை வரம்போடு மீண்டும் தொடங்கினார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 2021 டிசம்பர் உள்ளாட்சித் தேர்தலன்று இணைய வாக்குப்பதிவு நெரிசலில் திணறிப் பலரால் வாக்களிக்க முடியாமல் போக, மூன்று இடங்களின் தேர்தலையே நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது. அங்கே யாரும் தாக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நெரிசல் மட்டுமே போதுமாக இருந்தது.

எண்ணூர் மாலுமி:

ஒப்புக்கொள்கிறேன். நான் கேட்டபடி பழுது இருக்கும் இடத்தைக் காட்டிவிட்டீர்கள். மலர் தங்கையின் பதில் என்னை மிகவும் தாக்கியது. என் மனைவியின் வங்கிக்கணக்குக்கு வரும் ஓடிபியை நானே எத்தனையோ முறை கப்பலிலிருந்து கேட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் இதோடு முடிந்தால் நான் வாக்கில்லாதவனாகவே ஓய்வு பெறுவேன். அதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை ஆசிரியை:

தம்பி, முழுக்க இணையம் வேண்டாம் என்றால் உங்களுக்கு வாக்கே வேண்டாம் என்று பொருளில்லை. இராணுவத்தினருக்கு இப்போது வாக்குச்சீட்டு இணையம் வழியாகத்தான் போகிறது. 2016-இல் புதுச்சேரி நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில் முதலில் அதைத் தொடங்கினார்கள். வெற்றுச் சீட்டு இணையத்தில் வரும். வாக்காளர் அதை அச்சிட்டு, குறித்து, உறையில் போட்டு அஞ்சலில் திருப்பி அனுப்புவார். போகும் வழியில் நேரம் மிச்சம், திரும்பி வருவது தாள். எண்ணும் மேசையில் அந்தத் தாளை எல்லா ஏஜென்டுகளும் பார்க்கிறார்கள். உங்களுக்கும் இதைக் கேட்கலாம். 85 வயதைக் கடந்தவர்களுக்கு வீட்டுக்கே போய் வாக்குப் பெறுகிறோம். அத்தியாவசியப் பணியில் இருப்பவர்களை அஞ்சல் வாக்காளராக அறிவிக்கத் தேர்தல் ஆணையத்துக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

ஒன்றை மட்டும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். அஞ்சல் வாக்கோடு ஓர் உறுதிமொழிப் படிவம் போகும். அதில் தகுதியுள்ள ஒருவர் சான்றொப்பம் இட வேண்டும். 2016-இல் ராதாபுரத்தில் 49 வாக்கு வித்தியாசத்தில் முடிவு வந்தது. 203 அஞ்சல் வாக்குகள் எண்ணப்படவில்லை. நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் இட்ட சான்றொப்பம் செல்லுமா என்பதே வழக்கானது. செல்லும் என்று சொல்லி மறு எண்ணிக்கைக்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது 2019 ஆகிவிட்டது. கப்பலில் சான்றொப்பம் இடத் தகுதியானவர் யார் என்று விதியிலேயே எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

வியாசர்பாடி மலர்:

குறிக்கும்போது அருகில் யாரும் நிற்கக் கூடாது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள் அண்ணா. கப்பலிலும் மேலதிகாரிகள் உண்டு அல்லவா.

எண்ணூர் மாலுமி:

உண்டு தங்கை. கேப்டன் சான்றொப்பம் இடலாம். ஆனால் சீட்டைக் குறிப்பது என் கேபினில், கதவைச் சாத்திக்கொண்டு. கப்பலில் அச்சுப்பொறி இருக்கிறது. எங்களுக்குச் சிக்கல் அஞ்சல்தான்: துறைமுகத்தில் நிற்கும் நேரம் சில சமயம் பன்னிரண்டு மணி நேரம்கூட இருக்காது, உறையை அந்த ஊர் முகவரிடம் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். அது எண்ணும் நாள் காலைக்குள் சென்னை வந்து சேர, வேட்பாளர் பட்டியல் இறுதியான அன்றே சீட்டு எங்களுக்கு வந்தாக வேண்டும். இந்த முறை விடுப்பு முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. எங்கள் பகுதிக் கப்பல் ஊழியர்களிடம் கையெழுத்து வாங்கி, அதற்குள் மனு எழுதித் தலைமைத் தேர்தல் அதிகாரிக்குக் கொடுக்கப் போகிறேன். ஆசிரியை அம்மா, வரைவை உங்களிடம் காட்டுகிறேன்; உறுதிமொழிப் படிவத்தைப் பற்றிய பத்தியை நீங்கள் பார்த்துத் திருத்தித் தர வேண்டும்.

தண்டையார்பேட்டை ஆசிரியை:

ஞாயிற்றுக்கிழமை அனுப்புங்கள் தம்பி. படிவத்தின் நகல் ஒன்று என்னிடம் இருக்கிறது, எடுத்துவைக்கிறேன்.